யோசிக்கும்போது தூங்கிப்போகும் ஸ்க்ரீன்... கேம் நேரத்தில் எதை ஆஃப் செய்யலாம், எதை ஆஃப் செய்யக் கூடாது?

ராஜா அண்ணாமலைபுரம். ஒரு சனிக்கிழமை மாலை. கிரீன்வேஸ் ரோடு ஸ்டேஷனிலிருந்து பறக்கும் ரயில் கிளம்பும் சத்தம் கேட்கிற தூரத்தில் ஓர் அபார்ட்மென்ட். ஹாலில் இரண்டு பேர், இரண்டு ஃபோன்கள். பாட்டி சுடோகு போட்டுக்கொண்டிருக்கிறார். எட்டாம் வகுப்புப் பேத்தி பிரவுசரில் ஆன்லைன் செஸ் ஆடிக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி இருவர் இருப்பார்கள்.

பேத்தியின் கடிகாரத்தில் இன்னும் 1 நிமிடம் 50 விநாடி பாக்கி. யானையைக் கொடுத்தால் எதிராளியின் ராஜா வெளியே வந்துவிடும்போலத் தெரிகிறது. அப்படியே விரலைத் தூக்கிவிட்டு யோசிக்கிறாள். 30 விநாடி ஓடுகிறது. ஸ்க்ரீன் மெல்ல மங்குகிறது. அவள் பார்வை போர்டிலேயே இருக்கிறது, கவனிக்கவில்லை. அடுத்த சில விநாடிகளில் ஸ்க்ரீன் கறுப்பு.

பவர் பட்டன், பேட்டர்ன், தவறான பேட்டர்ன், மறுபடி பேட்டர்ன். பிரவுசர் மறுபடி லோடு ஆகிறது. போர்டு தெரியும்போது கடிகாரத்தில் மிச்சமிருப்பது ஐம்பது விநாடிக்கும் குறைவு. யோசித்த யோசனையெல்லாம் போய்விட்டது. அவசரத்தில் ராணியைத் தவறான கட்டத்தில் வைக்கிறாள். ஆட்டம் முடிந்தது.

"என்னடி, மொகம் ஏன் இப்படி சுருங்கிப் போச்சு?"

"ஃபோன் தூங்கிடுச்சு பாட்டி."

"அது தூங்கலடி. நீ தூங்கிட்டேன்னு அது நெனச்சுடுச்சு."

பாட்டி சொன்னதுதான் விஷயம். நீங்கள் ஸ்க்ரீனைத் தொடுகிறீர்களா என்று ஃபோனுக்குத் தெரியும். நீங்கள் யோசிக்கிறீர்களா என்று அதற்குத் தெரியாது. தொடவில்லை என்றால் யாரும் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறது. ஓடிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் இருக்கிற கேம்களில் விரல் ஓயாததால் இந்தப் பிரச்னை பெரிதாகத் தெரியாது. செஸ், சுடோகு, குறுக்கெழுத்து, சீட்டாட்டம் போன்ற யோசிக்கிற விளையாட்டுகளில்தான் சரியாகக் கழுத்தறுக்கும்.

கடிகாரம் யாருக்கும் காத்திருக்காது

'ஒரு ஆட்டம்தானே' என்று தோன்றலாம். ஆனால், ஆன்லைன் போட்டியில் கடிகாரம் உங்கள் ஃபோனில் ஓடுவதில்லை, சர்வரில் ஓடுகிறது. உங்கள் ஸ்க்ரீன் கறுப்பாக இருந்தாலும், கரன்ட் போனாலும், நெட் போனாலும் அது பாட்டுக்கு ஓடும்.

இந்தியா இதைப் பெரிய மேடையிலேயே பார்த்திருக்கிறது. கொரோனா காலத்தில், 2020-ல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே முதன்முறையாக ஆன்லைன் ஒலிம்பியாட் நடத்தியது. ஒவ்வொருவரும் அவரவர் இருந்த இடத்திலிருந்தே ஆடினார்கள். விதித் குஜராத்தி தலைமையிலான இந்திய அணியில் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்தும், அப்போது 15 வயதான பிரக்ஞானந்தாவும் இருந்தார்கள். ஒருவருக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 5 விநாடி என்பது கணக்கு.

காலிறுதியில் இந்தியாவுக்கு எதிராக ஆடிய அர்மீனிய வீரர் ஹைக் மார்திரோஸ்யானின் இணைப்பு துண்டிக்கப்பட்டு, நிஹால் சரினிடம் நேரம் தீர்ந்து தோற்றார். அர்மீனியாவின் முறையீடு ஏற்கப்படவில்லை. அந்த அணி போட்டியிலிருந்தே விலகிக்கொண்டது.

ஆகஸ்ட் 30-ம் தேதி இறுதிப் போட்டியில் ரஷ்யாவுடன் மோதியபோது அதே தலைவலி இந்தியாவுக்கு வந்தது. முதல் சுற்று 3-3 எனச் சமன். இரண்டாவது சுற்றில் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பு போய் நேரம் தீர்ந்து தோற்றார்கள். அன்றைக்கு உலக அளவில் இணையக் கோளாறு இருந்தது தெரியவந்ததும், ஃபிடே தலைவர் அர்காதி துவோர்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

இவை இணையக் கோளாறுகள்தான், ஸ்க்ரீன் மங்கியதால் வந்தவை அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். உலகமே கவனித்த இறுதிப் போட்டியில், உலகறிந்த கோளாறுக்குத்தான் சமரசம் கிடைத்தது. 'என் ஃபோன் தானாகவே லாக் ஆகிவிட்டது' என்றால் எந்த நடுவரும் கேட்கப்போவதில்லை.

இந்தக் கதை சென்னைக்கு நெருக்கமானது. ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையிலிருந்த சோவியத் கலாசார மையத்தின் தால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகினார். 2022-ல் 44-வது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். தெருவுக்கு இரண்டு பிள்ளைகள் செஸ் ஆடுகிற ஊர் இது. பயிற்சி ஆட்டங்களில் பெரும் பகுதி இன்று ஃபோனிலும் லேப்டாப்பிலும்தான் நடக்கிறது.

மங்க வைப்பது ஒரு ஆள் அல்ல, நான்கு ஆட்கள்

'ஸ்க்ரீன் மங்குது' என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குக் காரணம் நான்கு. யார் செய்கிற வேலை என்று தெரியாமல் ஏதோ ஒன்றை ஆஃப் செய்தால், மற்ற மூன்றும் தம் வேலையைத் தொடரும்.

1. தொடாமல் இருந்தால்: டைம்அவுட்

பேத்தி மாட்டியது இதில்தான். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே போனால் 'ஸ்க்ரீன் டைம்அவுட்' இருக்கும். பெரும்பாலும் 15 அல்லது 30 விநாடியில் தொடங்கி 10 நிமிடம், சில மாடல்களில் 30 நிமிடம் வரை வைக்கலாம். ஐபோனில் 'டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ்' பகுதியில் 'ஆட்டோ லாக்' என்று இருக்கும்.

ஐபோனில் ஒரு சிக்கல் உண்டு. 'லோ பவர் மோட்' ஆனில் இருந்தால் ஆட்டோ லாக் 30 விநாடியில் உறைந்துவிடும், மாற்ற விடாது. பலர் இதற்கு 'ஃபோன் ரிப்பேர்' என்று பெயர் வைத்துவிடுவார்கள். லோ பவர் மோடை ஆஃப் செய்தால் போதும், பழையபடி மாற்றலாம்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. மங்கத் தொடங்கிய ஸ்க்ரீனைப் பதறிப்போய் தொடுவோம். அந்தத் தொடுகை ஸ்க்ரீனை எழுப்புவதோடு நிற்காது, பல நேரம் கேமுக்கும் போய்ச் சேரும். ஏற்கெனவே ஒரு காயைத் தொட்டு வைத்திருந்தீர்கள் என்றால், நீங்கள் 'எழுப்பிய' கட்டத்துக்கே காய் போய் உட்கார்ந்துவிடும். எழுப்ப வேண்டும் என்றால் போர்டுக்கு வெளியே, காலி இடத்தில் தொடுங்கள்.

2. வெளிச்சம் குறைந்தால்: ஆட்டோ பிரைட்னஸ்

ஃபோனின் மேல்பக்கம், முன் கேமராவை ஒட்டி ஒரு சின்ன ஒளி உணரி இருக்கும். அறை இருட்டாக இருந்தால் ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் குறைக்கும், வெயிலில் கூட்டும். 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், நீங்கள் எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் வைக்கிறீர்கள் என்பதையும் பழகிக்கொள்கிறது. அதற்குப் பெயர் 'அடாப்டிவ் பிரைட்னஸ்'.

கேம் ஆடுபவர்களுக்குப் பிரச்னை இங்கேதான். ஃபோனைப் படுக்கவைத்து, இரண்டு கையாலும் பிடித்து ஆடும்போது, இடது உள்ளங்கை அல்லது ஆள்காட்டி விரல் அந்த உணரியை மூடிவிடும். 'அட, இருட்டாகிவிட்டது' என்று ஃபோன் நம்பி, வெளிச்சத்தைக் குறைத்துவிடும். விரல் நகர்ந்தால் மறுபடி கூடும். சண்டை உச்சத்தில் இருக்கும்போது ஸ்க்ரீன் கூடிக் குறைந்து கண்ணாமூச்சி ஆடுவதற்கு இதுதான் காரணம். எந்த ரிப்பேர் கடைக்கும் போக வேண்டாம். ஃபோனை அப்படியே திருப்பி, மேல்பக்கம் வலது கைக்கு வருமாறு பிடித்துப் பாருங்கள். உங்கள் பிடிக்கு அந்தப் பக்கம் உணரி மூடாமல் இருக்கலாம். அதுவும் சரிவரவில்லை என்றால், கேம் நேரத்துக்கு மட்டும் ஆட்டோ பிரைட்னஸை ஆஃப் செய்யுங்கள்.

ஆண்ட்ராய்டில் இது டிஸ்ப்ளே பகுதியிலேயே கிடைக்கும். ஐபோனில் கொஞ்சம் ஒளித்து வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, 'டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ்' போய் கடைசி வரை கீழே இறங்கினால் 'ஆட்டோ பிரைட்னஸ்' இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பல ஃபோன்களில் வெயிலில் கிடைக்கும் உச்சபட்ச வெளிச்சம், ஆட்டோ ஆனில் இருந்தால் மட்டுமே கிடைக்கும். கையால் முழுக்க ஏற்றினாலும் அந்த அளவு வராது. எனவே பட்டினப்பாக்கம் கடற்கரையில் உட்கார்ந்து ஆடுகிறவர்கள் ஆட்டோவை ஆஃப் செய்தால், இருப்பதும் போய்விடும்.

3. சார்ஜ் குறைந்தால்: பேட்டரி சேவர்

சார்ஜ் 20 சதவிகிதத்துக்கு வந்ததும் ஐபோன் 'லோ பவர் மோட் போடவா' என்று கேட்கும். 'சரி' என்று தட்டிவிட்டு மறந்துவிடுவோம். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேவர் தானாகவே வந்துவிடும்படி வைத்திருப்போம். பல மாடல்களில் அது வெளிச்சத்தைக் குறைக்கும், பின்னணியில் ஓடும் ஆப்களைக் கட்டுப்படுத்தும், பிராசஸர் வேகத்தையும் குறைக்கும். விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கும் ஸ்க்ரீன் உள்ள ஐபோன்களில் லோ பவர் மோட் அதை 60-ஆகக் குறைத்துவிடும். 'மேட்ச் நடுவில் திடீரென்று கேம் திக்குகிறது' என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சார்ஜ் அளவைத்தான்.

இதற்குச் சரியான தீர்வு சேவரை ஆஃப் செய்வது அல்ல, சார்ஜ் போட்டுவிட்டு உட்காருவது. ஐபோனில் 80 சதவிகிதம் ஏறியதும் லோ பவர் மோட் தானாகவே விலகிக்கொள்ளும்.

4. சூடானால்: இதற்கு ஸ்விட்ச் கிடையாது

முதல் மூன்றையும் ஆஃப் செய்துவிட்டீர்கள். அப்படியும் ஸ்க்ரீன் மங்குகிறதா? ஃபோனைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சுடுகிறது என்றால், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம்.

சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடங்களில் பயன்படுத்துங்கள் என்பது ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் அளவு. சென்னையின் மே மாதம் 40-ஐத் தொடும். அதற்கு மேல் கேம், அதற்கு மேல் சார்ஜர், அதற்கு மேல் தடிமனான கவர். ஃபோன் என்னதான் செய்யும்? வெளிச்சத்தையும் வேகத்தையும் குறைத்துச் சூட்டைத் தணிக்கப் பார்க்கும். இதை ஆஃப் செய்யும் வழி செட்டிங்ஸில் இல்லை. இருக்கவும் கூடாது.

செய்ய வேண்டியவை எளிமையானவை. கவரைக் கழற்றுங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடாதீர்கள். ஃபேன் காற்று படும் இடத்தில் உட்காருங்கள். ஃப்ரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். சூடான ஃபோன் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

நல்ல கேம் 'தூங்காதே' என்று சொல்லும்

எல்லாப் பொறுப்பையும் ஆடுகிறவர் தலையிலேயே கட்ட வேண்டியதில்லை. 'நான் ஓடும்வரை ஸ்க்ரீனை அணைக்காதே' என்று கேமே ஃபோனிடம் கேட்க முடியும். வீடியோ பார்க்கும்போது நீங்கள் தொடாவிட்டாலும் ஸ்க்ரீன் அணையாமல் இருப்பது இப்படித்தான்.

ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இதற்குத் தனி அனுமதிகூட வேண்டாம். யூனிட்டி, கோடோ போன்ற கேம் தயாரிப்பு மென்பொருள்களில் ஒரு வரி, அல்லது ஒரு டிக் மார்க். ஆப்பை விட்டு வெளியே வந்ததும் அந்தக் கோரிக்கை தானாகவே விலகிவிடும். ஃபோனின் செட்டிங்ஸைக் கைவைக்காமலே பிரச்னை தீர்ந்துவிடுகிறது. பிரவுசரில் ஓடும் தளங்களுக்கு இந்த வசதி தாமதமாகத்தான் வந்தது. குரோமில் 2020-ல், ஐபோனின் சஃபாரியில் 2023-ல், ஃபயர்ஃபாக்ஸில் 2024-ல். பழைய பிரவுசர், அல்லது இந்த வசதியைக் கேட்காத தளம் என்றால், பேத்திக்கு நடந்ததுதான் நடக்கும்.

எனவே முதல் யோசனை: பிரவுசரில் ஆடும்போது ஸ்க்ரீன் அணைகிறதா? அதே விளையாட்டின் ஆப்பை ஒருமுறை முயன்று பாருங்கள். செட்டிங்ஸைத் தொடாமலே தீர்ந்துவிடலாம். கல்லூரியில் கேம் செய்து பழகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கேமில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தால்கூட, அந்த ஒரு வரியை மறக்காதீர்கள்.

மங்க வைப்பதையே நல்ல விதமாகப் பயன்படுத்திய கேமும் உண்டு. 2016-ல் உலகமே தெருவில் இறங்கி நடந்த 'போக்கிமான் கோ'வில் பேட்டரி சேவர் என்று தனி வசதி இருந்தது. ஃபோனைத் தலைகீழாகப் பிடித்தால் ஸ்க்ரீன் மங்கிவிடும், ஆனால் கேம் ஓடிக்கொண்டே இருக்கும். போக்கிமான் வந்தால் அதிர்ந்து சொல்லும். நடக்கும்போது ஸ்க்ரீன் வேண்டாம், பிடிக்கும்போது வேண்டும் என்று ஆடுகிறவரின் தேவையைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு அது.

லேப்டாப், டிவியில் ஆடுபவர்களுக்கு

லேப்டாப்பில் கேம்பேட் இணைத்து ஆடுகிறவர்களுக்கு ஒரு விநோத அனுபவம் இருந்திருக்கும். கை ஓயாமல் பட்டனை அழுத்திக்கொண்டிருக்க, ஸ்க்ரீன் 'யாருமில்லை' என்று அணையும். காரணம், விண்டோஸ் பொதுவாக கீபோர்டையும் மவுஸையும்தான் ஆள் இருப்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளும். கேம்பேட் அந்தக் கணக்கில் வராமல் போகும். கேம் தானாகச் சொல்லாவிட்டால், செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பகுதியில் ஸ்க்ரீன் அணையும் நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இருட்டான குகைக் காட்சி வந்ததும் லேப்டாப் ஸ்க்ரீன் இன்னும் இருட்டாகிறதா? படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும் வேலை அது. விண்டோஸ் 11-ல் டிஸ்ப்ளே பகுதியில் பிரைட்னஸை விரித்தால், காட்சிக்கு ஏற்ப வெளிச்சத்தை மாற்றும் அமைப்பு பல லேப்டாப்களில் இருக்கும். ஆஃப் செய்யலாம், அல்லது 'பேட்டரியில் ஓடும்போது மட்டும்' என்று வைக்கலாம். ஏஎம்டி கிராஃபிக்ஸ் உள்ளவற்றில் அதன் மென்பொருளில் 'வேரி பிரைட்' என்ற பெயரில் இதே வேலை நடக்கும்.

பிளேஸ்டேஷன் 5-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் சேவிங் பகுதியில், எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் ஓய்வுக்குப் போக வேண்டும் என்று வைக்கலாம். டிவியில் 'எனர்ஜி சேவிங்', 'ஈகோ' என்ற பெயரில் இருப்பதும் வெளிச்சத்தைக் குறைக்கும். டிவியின் கேம் மோடுக்கு மாறினாலும் இது தனியாக ஆனிலேயே இருக்கக்கூடும்.

ஆனால் ஓஎல்இடி டிவியில் ஒரு எல்லை இருக்கிறது. ஒரே படம் அசையாமல் நெடுநேரம் நின்றால், அந்த டிவி தானாகவே மங்கும். செஸ் போர்டு, மூலையிலேயே நிற்கும் ஸ்கோர், வரைபடம் எல்லாம் அப்படித்தான். அந்தப் படத்தின் நிழல் ஸ்க்ரீனில் நிரந்தரமாகப் பதிந்துவிடாமல் இருக்கச் செய்த பாதுகாப்பு அது. டெக்னீஷியன்களுக்கான ரகசிய மெனுவுக்குள் போய் இதை ஆஃப் செய்யச் சொல்லும் வீடியோக்கள் உலவுகின்றன. வேண்டாம். ஒரு மேட்ச் வெளிச்சத்துக்காக டிவியைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. மெனுவைத் திறந்து மூடி, படத்தைக் கொஞ்சம் அசைத்தால் வெளிச்சம் திரும்பும்.

பாட்டியின் பிரச்னை வேறு

பாட்டியின் ஸ்க்ரீன் அணையவில்லை. மங்கலாக இருக்கிறது, அவ்வளவுதான். பேத்தி வாங்கிப் பார்த்து, "நல்லாத்தானே பாட்டி தெரியுது" என்கிறாள். இருவர் சொல்வதும் உண்மை.

வயதாக ஆகக் கண்ணின் பாப்பா சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. ஒரே ஸ்க்ரீனிலிருந்து பாட்டியின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் பேத்திக்குச் சேர்வதைவிடக் குறைவு. பேத்தி ஒருநாள் இரவு ஃபோனை வாங்கி வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு வைத்தால், அடாப்டிவ் பிரைட்னஸ் அதையும் கற்றுக்கொள்ளும். அடுத்த நாள் பாட்டிக்கு 6 எது, 8 எது என்று தெரியாது.

பெரியவர்களின் ஃபோனில் வெளிச்சத்தை அவர்கள் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். தொடர்ந்து சில நாள்கள் அவர்களே கூட்டி வைத்தால் ஆண்ட்ராய்டு பழகிவிடும். எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். டைம்அவுட்டை 2 நிமிடத்துக்கு மாற்றுங்கள். அதன் பிறகும் மங்கலாகவே தெரிகிறது என்றால் பார்க்க வேண்டியது செட்டிங்ஸை அல்ல, கண் டாக்டரை. புரை மெல்ல வளரும்போது பலர் முதலில் குறை சொல்வது ஃபோனைத்தான்.

ஆஃப் செய்தது சரி... ஆன் செய்தீர்களா?

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். மேட்சுக்காக டைம்அவுட்டை 30 நிமிடம் ஆக்குவார்கள். மேட்ச் முடியும். அப்படியே கிளம்பிவிடுவார்கள்.

தானாக லாக் ஆவது பேட்டரிக்காக மட்டும் வைத்த ஏற்பாடு அல்ல. அது ஒரு பூட்டு. மயிலாப்பூர் டேங்க் பஸ் ஸ்டாப் கூட்டத்தில் ஃபோனைத் தவறவிட்டால், 30 விநாடியில் பூட்டிக்கொள்ளும் ஃபோன் வேறு, அரை மணி நேரம் திறந்தே கிடக்கும் ஃபோன் வேறு. பணம் அனுப்பும் ஆப்புக்குத் தனி பின் நம்பர் இருக்கலாம். ஆனால் ஓடிபி வந்து விழும் மெசேஜ் பெட்டி திறந்தே கிடக்கும்.

பேட்டரி சேவருக்கும் இதே கதைதான். ராஜா அண்ணாமலைபுரம் அடையாற்றின் கரையில் இருக்கும் ஊர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு கரை புரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும், சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அந்த நாள்களில் 15 சதவிகிதம் சார்ஜ் என்பது 'நாங்க நல்லா இருக்கோம்' என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்லும் ஒரே வழி. ஸ்க்ரீனை மங்க வைக்கும் அதே பேட்டரி சேவர்தான் அன்றைக்குக் கைகொடுக்கும். மழை எச்சரிக்கை வந்த நாளில் சேவர் ஆஃபில் கிடக்கக் கூடாது.

மறக்காமல் இருக்க ஒரே வழி, நினைவை நம்பாமல் இருப்பது. அதற்கும் ஏற்பாடு இருக்கிறது.

கேம் மோட்: சாம்சங்கில் 'கேம் பூஸ்டர்', ஷாவ்மியில் 'கேம் டர்போ' என்று பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் கேமுக்கெனத் தனி அமைப்பு உண்டு. வெளிச்சம் மாறாமல் பூட்டும் வசதி பலவற்றில் இருக்கிறது. மாடலுக்கு மாடல் பெயர் மாறும்.

ரொட்டீன்: சாம்சங்கில் 'மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்' பகுதியில், இந்த ஆப்பைத் திறந்தால் இன்னின்ன மாறட்டும் என்று ஒருமுறை எழுதி வைத்தால் போதும். ஆப்பை மூடியதும் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

ஷார்ட்கட்ஸ்: ஐபோனில் 'ஷார்ட்கட்ஸ்' ஆப்பின் ஆட்டோமேஷன் பகுதியில், கேமைத் திறந்ததும் லோ பவர் மோட் ஆஃப், மூடியதும் ஆன் என்று வைக்கலாம்.

கைடட் அக்சஸ்: ஐபோனின் அக்சஸிபிலிட்டி பகுதியில் இருக்கிறது. ஃபோனை ஒரே ஆப்புக்குள் பூட்டி வைக்கும். இதற்கென்று தனி ஆட்டோ லாக் நேரமும் உண்டு. கேமுக்குள் மட்டும் நீண்ட நேரம், வெளியே வந்தால் வழக்கமான 30 விநாடி. குழந்தையிடம் ஃபோனைக் கொடுக்கும் பெற்றோருக்கு இது இரட்டை லாபம்.

மேட்சுக்கு முன் ஒரு நிமிடம்

போட்டி நாளில் இந்த ஆறையும் வரிசையாகப் பார்த்துவிடுங்கள்.

• சார்ஜ் 80-க்கு மேல் இருக்கிறதா? சார்ஜரைக் கழற்றியாயிற்றா?

• பேட்டரி சேவர் அல்லது லோ பவர் மோட் ஆஃபில் இருக்கிறதா?

• டைம்அவுட், உங்கள் மிக நீண்ட யோசனையைவிட அதிகமாக இருக்கிறதா? 10 நிமிட ஆட்டத்துக்கு 10 நிமிடம் வைத்தால் கவலையே இல்லை.

• வெளிச்சத்தைக் கையால் வைத்தாயிற்றா? விரல் உணரியை மூடுகிறதா?

• கவர் இல்லாமல், ஃபேன் அடியில் உட்கார்ந்தாயிற்றா?

• முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி மாற்ற யார் நினைவூட்டுவார்?

கடைசிக் கேள்விக்கு ராஜா அண்ணாமலைபுரத்து அந்த வீட்டில் பதில் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை. பேத்தி டைம்அவுட்டை 10 நிமிடத்துக்கு மாற்றிவிட்டு உட்காருகிறாள். இந்த முறையும் நடு ஆட்டத்தில் நீண்ட யோசனை. ஸ்க்ரீன் அணையவில்லை. யானையைக் கொடுக்கிறாள். சரியாக வரவில்லை, தோற்கிறாள். ஆனால் முகம் சுருங்கவில்லை. இந்தத் தோல்வி அவளுடையது. எந்த நகர்த்தலில் தப்பு என்று தேடிப் பார்க்கலாம், அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். ஃபோனிடம் தோற்றால் அதற்கு வழியே இல்லை.

சுடோகுவிலிருந்து தலையைத் தூக்காமலே பாட்டி கேட்கிறார்.

"ஆட்டம் முடிஞ்சுதா? அந்த முப்பது செகண்டைத் திரும்ப வெச்சியா?"